குறிப்புகளுக்கான கட்டம்

மொகோத்லொங்கில் ஜூலை என்றால் பனி.
மொகேத்தேயின் குதிரை வெளியே மூச்சு விடுவது
ஆய்வகக் கண்ணாடி வழியே தெரிகிறது, வெள்ளையாக.
சேணப்பையில் பெட்டி,
பெட்டிக்குள் திருகுமூடிக் குப்பி,
குப்பிக்குள் ஒருத்தியின் விடியற்காலைச் சளி.

பெயர்: மாநியகல்லோ. வயது இருபத்திரண்டு.
லெசோத்தோவில் முதல் பிள்ளையின் பெயரைத்தான்
தாய் உடுத்திக்கொள்வாள்.
ஆக, எங்கோ ஒரு நியகல்லோ இருக்கிறாள்.

சிவப்பு ஊற்றி, ஆவி எழும்வரை தீ காட்டி,
அமிலத்தில் கழுவி, நீலம் விட்டு,
கண்ணை வைத்தேன்.
எண்ணவே தேவையில்லை.
தீப்பெட்டி கவிழ்ந்த மாதிரி
நீலமெங்கும் சிவப்புக் குச்சிகள்.
மூன்று கூட்டல் குறி போட்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன்.
யாரும் எதுவும் எழுதாத
குறிப்புகளுக்கான கட்டத்தில்
தாதி லிம்போவின் குண்டுக் கையெழுத்து:
பெண் குழந்தை. மூன்று நாள். இரண்டு கிலோ அறுநூறு.
காய்ச்சல் இல்லை. நன்றாகக் குடிக்கிறாள்.
நாத்தனார் பால்மாவு டப்பாவோடு வந்து
பிள்ளையைக் கொடு என்று நிற்கிறார்.
என்ன செய்யட்டும்?

என் வேலை எண்ணுவது மட்டும்.
மருத்துவரை எழுப்பிக் கேட்டு
அவர் சொன்னதைப் பின்பக்கம் எழுதினேன்:
பாலில் நோய் இல்லை, மூச்சில்தான்.
வாயும் மூக்கும் மூடிக்கொண்டு அவளே கொடுக்கட்டும்.
குழந்தைக்கு நூறு மில்லிகிராம் மாத்திரையில் கால்வாசி,
தினம் ஒருவேளை, பீய்ச்சிய பாலில் கரைத்து,
ஆறு மாதம். பி.சி.ஜி. ஊசி அதற்குப் பிறகே.
ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஜன்னல் என்ற சொல்லில் பேனா நின்றது.
அந்த மலையில் இரவில் வாளித் தண்ணீர் கல்லாகும்.
அழிக்கவில்லை.
குதிரை இறங்கிப் போனது.

அதன்பின் லிம்போ
யார் யாருடைய படிவத்திலோ எழுதினாள்.
சுரங்கத்திலிருந்து திரும்பிய ஒருவரின் சளியோடு:
ஜன்னல் ஒரு சாண் திறப்பு. தாயின் சட்டைக்குள்
பிள்ளை, தோலோடு தோல், மேலே இரண்டு கம்பளி. மூக்கு சூடு.
ஒரு ஆசிரியரின் சளியோடு:
மாத்திரையை நான்காக உடைக்கப் பிளேடு வேண்டுமாம்.
பெயர் அழிந்த ஒரு படிவத்தில்:
நாத்தனார் திரும்பிப் போகவில்லை.
பால் குடித்த நேரம் போக மற்ற நேரம்
பிள்ளையை வெயிலில் வைத்திருப்பது அவர்தான்.
பால்மாவு டப்பாவில் இப்போது தாயின் மாத்திரைகள்.
வேறொன்றில், ஏன் எழுதினாளோ:
நேற்று தாய் தும்மினாள்,
நான்கு பேரும் கவசத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

செப்டம்பரில் பாதை தெரிந்தது. பெட்டி வந்தது.
மாநியகல்லோ, இரண்டாம் மாதம்.

நூறு இடம் பார்த்தால் போதும் என்பது விதி.
நான் முந்நூறு பார்த்தேன்.
இருநூற்றுப் பதினேழில் ஒரு சிவப்பு.
நாற்காலியை விட்டு எழுந்தேன். தண்ணீர் குடித்தேன்.
மறுபடி குனிந்தால்
சாயத்தின் துணுக்கு, வடிகட்டாதது என் தவறு.
இரண்டாம் குப்பியிலும் தேடினேன்.
'காணப்படவில்லை' என்று எழுதினேன்.
இத்தனை நீளமான சொல்லை
இவ்வளவு சீக்கிரம் நான் எழுதியதில்லை.

அடுத்த வாரம் மொகேத்தே கொண்டுவந்த
யாரோ ஒருவரின் படிவத்தில்:
நாலு கிலோ. மாத்திரை இனி அரை.
மருத்துவர் சம்மதித்தார், கவசத்தைக் கழற்றினாள்.
நியகல்லோ அந்த வாயைப் பார்த்து அலறிவிட்டாள்,
யாரோ வந்துவிட்டார்கள் என்று.
மறுபடி கட்டிக்கொண்டதும் குடித்தாள்.
நாளைக்கு மூக்கை மட்டும் காட்டுவார்களாம்.

தனியறையில் சத்தமாகச் சிரித்தேன்.
பிறகு அந்த யாரோ ஒருவரின் குப்பியைத் திறந்து,
சிவப்பு ஊற்றி,
தீ காட்டினேன்.